இரண்டு டிசம்பர்கள்: பெங்களூரு கால்பந்து அணியும் இடைவேளை பற்றிய நம்பிக்கையும்

2022 டிசம்பர் 30 அன்று கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் ஈஸ்ட் பெங்கால் அணியிடம் பெங்களூரு எஃப்.சி. 2-1 என்ற கணக்கில் தோற்றது. 90 நிமிடங்கள் முடிந்து, நடுவர் சேர்த்துத் தந்த நேரத்தில் வெற்றி கோலை அடித்தவர் கிளெய்ட்டன் சில்வா. முந்தைய பருவம் வரை பெங்களூருக்காகவே ஆடியவர். இந்தியன் சூப்பர் லீகின் அந்தப் பருவத்தில் பெங்களூரு அதுவரை ஆடியிருந்த 12 ஆட்டங்களில் 3 வெற்றி, 1 சமன், 8 தோல்வி. அடித்த கோல்கள் 8, வாங்கிய கோல்கள் 17, சேர்த்த புள்ளிகள் 10. அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று, இதே மைதானத்தில், மும்பை சிட்டியை 2-1 என வென்று டியூரண்ட் கோப்பையைக் கைப்பற்றிய அணி இது.

அடுத்த எட்டு லீக் ஆட்டங்களிலும் அந்த அணி வென்றது. எட்டில் எட்டு. அடித்தவை 19, வாங்கியவை 6. பத்துப் புள்ளிகளோடு நின்ற அணி 34 புள்ளிகளோடு நான்காம் இடத்தில் லீகை முடித்தது. அரையிறுதியில் மும்பையைப் பெனால்டி உதைகளில் வீழ்த்தியது. 2023 மார்ச் 18 அன்று கோவாவின் ஃபடோர்டாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஏ.டி.கே. மோகன் பகானிடம், அதுவும் பெனால்டி உதைகளில்தான், கோப்பையை இழந்தது.

கால்பந்து உலகில் நெடுநாளாக வழங்கிவரும் ஒரு நம்பிக்கையைச் சோதிக்க இந்தப் பருவம் நல்ல களம். சரிந்துகொண்டிருக்கும் அணிக்குப் பருவத்தின் நடுவே இரண்டு மூன்று வாரம் ஆட்டமில்லாமல் கிடைத்தால் அது மீண்டெழும் என்பதே அந்த நம்பிக்கை. பயிற்றுநர்கள் செய்தியாளர் சந்திப்பில் அதைச் சொல்கிறார்கள்; ரசிகர்கள் தேநீர்க் கடையில் சொல்கிறார்கள்; கழக நிர்வாகங்கள் அதை நம்பிப் பயிற்றுநருக்குத் தவணை கொடுக்கின்றன, அல்லது அதே இடைவேளையைப் பயன்படுத்தி அவரை வீட்டுக்கு அனுப்புகின்றன. ஒருவருடைய வேலை போவதும் நிற்பதும் இந்த நம்பிக்கையைச் சார்ந்திருப்பதால் அதைச் சான்றுகளோடு உரசிப் பார்ப்பது தேவையாகிறது.

முதலில் ஒரு வரலாற்றுக் குறிப்பு. பெங்களூரின் கால்பந்து நூறாண்டைக் கடந்தது. ஆனால் இந்தக் கேள்வி அந்த ஊருக்குப் புதியது. பெங்களூர் முஸ்லிம்ஸ் கழகம் 1937, 1938 ஆகிய இரு ஆண்டுகளிலும் பம்பாய் சென்று ரோவர்ஸ் கோப்பையை வென்றபோது ‘பருவத்தின் நடுப்பகுதி’ என்றொன்றே இருக்கவில்லை. நாக்-அவுட் போட்டியில் தோற்றவன் ஊர் திரும்ப ரயில் ஏறுவான். அவனுக்கு அந்தப் போட்டியில் மீட்சி என்ற பேச்சுக்கு இடமில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் போன்றோர் உருவான கன்டோன்மென்ட் பகுதிக் கால்பந்தும், அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தின் தமிழ்த் தெருக்களில் இன்றும் பெலேயின் சிலைக்கு அருகே உயிர்ப்போடிருக்கும் கால்பந்தும் பெரும்பாலும் கோப்பைப் போட்டிகளாலும் நகர லீகாலும் வளர்ந்தவை. நாடு தழுவிய லீக் 1996-இல்தான் தொடங்கியது. மாதக்கணக்கில் நீளும் அட்டவணை வந்த பிறகே ‘ஃபார்ம்’ என்பது ஏறி இறங்கும் ஒரு கோடாகத் தென்படலாயிற்று; அந்தக் கோட்டில் ஒரு வெற்றிடம் விழுந்தால் என்னவாகும் என்று கேட்பதும் அதன் பிறகே சாத்தியமாயிற்று. 2013-இல் தொடங்கி முதல் பருவத்திலேயே ஐ-லீகை வென்ற பெங்களூரு எஃப்.சி.க்கு அந்தக் கேள்வி சில ஆண்டுகள் எழவே இல்லை. சரிவு என்பதை அது பிந்தித்தான் கற்றது.

2022-23 பருவத்துக்குத் திரும்பலாம். அந்த நவம்பர், டிசம்பரில் கத்தாரில் உலகக் கோப்பை நடந்தது. ஐரோப்பிய லீகுகள் பல வாரங்கள் நின்றன. இந்திய லீக் நிற்கவில்லை. டிசம்பர் 30 தோல்விக்கும் எட்டு வெற்றிகளில் முதலாவதான ஜனவரி 6 குவாஹாட்டி ஆட்டத்துக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு வாரம். அதிலும் கொல்கத்தா, குவாஹாட்டி என இரண்டுமே வெளியூர் ஆட்டங்கள். இடைவேளை என்று சொல்லத்தக்க எதுவும் அங்கில்லை. அந்தப் பருவத்தில் பெங்களூருக்குக் கிடைத்த நீண்ட ஓய்வு வேறோர் இடத்தில் இருந்தது: அக்டோபர் 27 அன்று ஒடிசாவிடம் 1-0 எனத் தோற்ற பின், நவம்பர் 11 வரை இரண்டு வாரம் லீக் ஆட்டம் இல்லை. ஏற்கெனவே தொடர்ந்து இரண்டு தோல்வி கண்டிருந்த அணிக்கு ஏட்டுச்சுரைக்காயாக எழுதி வைத்தாற்போன்ற ஓய்வு. அதன் பின் என்ன நடந்தது? சொந்த மண்ணில் ஈஸ்ட் பெங்காலிடம் 1-0 தோல்வி. ஆறு நாள் கழித்து மும்பையிடம் 4-0 தோல்வி. ஆக, ஒரே பருவத்துக்குள் ஓய்வு கிடைத்த இடத்தில் சரிவு ஆழமாயிற்று. ஓய்வு கிடைக்காத இடத்தில் மீட்சி தொடங்கியது.

ஒரு வாதத்துக்காக, அந்த மீட்சி டிசம்பர் 30-க்குப் பின் ஒரு மாத இடைவேளை கழித்துத் தொடங்கியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். ‘ஓய்வு அளித்த புத்துயிர்’ என்ற தலைப்பு எல்லா நாளேட்டிலும் வந்திருக்கும். எட்டு வெற்றிகளும் அதே எட்டு வெற்றிகளாகவே இருந்திருக்கும். காரணம் மட்டும் இடைவேளையின் பேரில் எழுதப்பட்டிருக்கும்.

இத்தகைய மயக்கத்துக்குப் புள்ளியியலில் பழைய விளக்கம் ஒன்று உண்டு. பிரான்சிஸ் கால்டன் 1886-இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை ஒப்பிட்டு, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குள்ளமாகவும், மிகக் குள்ளமானோரின் பிள்ளைகள் சற்று உயரமாகவும் இருப்பதைக் காட்டினார். திறமையும் தற்செயலும் கலந்து விளையும் எந்த அளவீட்டிலும் மிகத் தாழ்ந்த நிலைக்குப் பின் வருவது பெரும்பாலும் அதைவிடச் சற்று மேலான நிலையாகவே இருக்கும். அணி இடைவேளை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது நிகழும். இடைவேளையை வேண்டுவோர் அதை எப்போது வேண்டுகிறார்கள்? பள்ளத்தின் அடியில் நிற்கும்போதுதான். அங்கிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஏற்றம்தான்.

பயிற்றுநர் மாற்றத்தைப் பற்றி இதே கேள்வியை எழுப்பிய ஆய்வு ஒன்று நெதர்லாந்தில் உண்டு. பொருளியலாளர் பாஸ் டர் வீல், 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் தரவுகளை எடுத்துக்கொண்டார். சரிவின்போது பயிற்றுநரை நீக்கிய அணிகளோடு நிறுத்தாமல், அதே அளவு சரிந்தும் பயிற்றுநரை வைத்துக்கொண்ட அணிகளையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். இரு சாராருமே ஏறத்தாழ ஒரே வகையில் மீண்டிருந்தனர். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் மீட்சிக்குக் காரணம் சொல்லக் கூடாது என்பதற்கு வரலாற்று மாணவர்களுக்கும் இது நல்ல பாடமுறை. வரலாற்றுத் துறையில் ஒப்பீட்டுக் குழு எளிதில் அமைவதில்லை என்பது வேறு செய்தி.

ஆயினும் எட்டு தொடர் வெற்றிகளைச் சராசரிக்குத் திரும்புதல் என்று மட்டும் சொல்லி முடிக்கவும் இயலாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல சரிபாதி வாய்ப்புள்ள அணி, குறிப்பிட்ட எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வெல்வதற்கான வாய்ப்பு 256-இல் 1. சராசரிக்குத் திரும்பும் அணி இரண்டில் ஒன்றை வெல்லும். எட்டில் எட்டை வெல்லாது. ஏதோ மாறியிருக்க வேண்டும். மைதானத்தில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் முன்வரிசையில் இருந்தது. சிவகங்கை மாவட்டம் கண்டனூரைச் சேர்ந்த, அப்போது 21 வயதான சிவசக்தி நாராயணன், ஃபிஜியின் ராய் கிருஷ்ணாவோடு தொடக்க ஆட்டக்காரராக நிலைபெற்றார். கழகத்தின் முகமான சுனில் சேத்ரி பல ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரர் இருக்கையிலிருந்து பிற்பாதியில் இறங்கினார். அந்தப் பருவத்தின் வளரும் வீரர் விருது சிவசக்திக்குக் கிடைத்தது. அணியின் மாபெரும் பெயரை வெளியே உட்காரவைக்கும் துணிவுக்குப் பயிற்றுநர் சைமன் கிரேசனுக்கு ஓய்வுநாட்கள் தேவைப்படவில்லை; எட்டுத் தோல்விகளுக்குப் பின்னும் அவரை நீக்காத நிர்வாகம் தேவைப்பட்டது. தற்செயலின் பங்கையும் மறைக்க வேண்டியதில்லை. தொடரின் முதல் வெற்றி, அந்தப் பருவத்தின் 20 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்ற நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணிக்கு எதிராக, ஆட்டத்தின் கடைசி நேரத்தில் ஆலன் கோஸ்டா அடித்த கோலால் 2-1 எனக் கிடைத்தது. டிசம்பர் 30-இல் இறுதிக் கணத்தில் பறிபோனது. ஜனவரி 6-இல் இறுதிக் கணத்தில் கைவந்தது. நிலைகுலைவுக்கும் எழுச்சிக்கும் நடுவே இருந்த தூரம் அவ்வளவே.

இனி இரண்டாவது டிசம்பர். 2023 டிசம்பர் 8 அன்று கண்டீரவா மைதானத்தில் மும்பை சிட்டி பெங்களூரை 4-0 என வீழ்த்தியது. மறுநாள் கிரேசன் விடைபெற்றார். ஓராண்டுக்கு முன் இதே மாதத்தில் இதைவிட நீண்ட தோல்விப் பட்டியலோடு பதவியில் நீடித்த அதே மனிதர். ஸ்பெயினின் ஜெரார்ட் சரகோசா பொறுப்பேற்றார். அவருக்கு வாய்த்தது, எந்தப் புதிய பயிற்றுநரும் விரும்பிக் கேட்கும் ஒன்று: கத்தாரில் ஆசியக் கோப்பை நடந்ததால் அந்தப் பருவத்தில் லீக் ஏறத்தாழ ஒரு மாதம் நிறுத்திவைக்கப்பட்டு, 2024 ஜனவரி இறுதியில் மீண்டும் தொடங்கியது. புதிய பயிற்றுநர், நீண்ட இடைவேளை. நம்பிக்கையின்படி மீட்சிக்கு வேண்டிய இரண்டும் சேர்ந்து அமைந்தன.

விளைவு மங்கலானது. இடைவேளைக்குப் பின் சில நல்ல நாட்கள் இருந்தன. மார்ச் 2 அன்று கேரளா பிளாஸ்டர்ஸை 1-0 என வென்றது ரசிகர்களுக்கு இனித்தது. ஆனால் ஏப்ரல் 11 அன்று சொந்த மைதானத்தில் மோகன் பகானிடம் 4-0 எனத் தோற்று, 22 ஆட்டங்களில் 22 புள்ளிகளோடு 12 அணிகளில் பத்தாவதாகப் பருவம் முடிந்தது.

ஏன்? அந்த ஒரு மாதம் உண்மையில் ஓய்வாக இருந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். லீக் நின்றதே தவிர ஆட்டம் நிற்கவில்லை. ஜனவரியில் புவனேசுவரத்தில் சூப்பர் கோப்பை நடத்தப்பட்டது. பெங்களூரு அதில் குழுநிலையைத் தாண்டவில்லை. சேத்ரி இந்திய அணியோடு கத்தாரில் இருந்தார். இந்தியா மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றது. அதாவது, புதிய பயிற்றுநர் தன் அணியைச் சீரமைக்க வேண்டிய வாரங்களில் தலைவர் ஒரு நாட்டில் தோற்றுக்கொண்டிருந்தார், எஞ்சியவர்கள் வேறோர் ஊரில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். காலண்டரில் காலியாகத் தெரியும் நாட்கள் அனைத்தும் ஓய்வு ஆகிவிடுவதில்லை. மேலும், இரண்டு டிசம்பர்களின் அணியும் ஒன்றல்ல: 2023 கோடையில் ராய் கிருஷ்ணா ஒடிசாவுக்கும், சந்தேஷ் ஜிங்கன், உதாந்தா சிங் ஆகியோர் கோவாவுக்கும் சென்றுவிட்டனர். ஆட்களை இழந்த அணிக்கு நாட்களைக் கொடுத்து ஈடுசெய்ய முடியுமா என்பது தனிக் கேள்வி. ஆகவே ‘ஓய்வில்லாமல் மீண்டது, ஓய்வெடுத்து மீளவில்லை’ என்று இந்த இரு பருவங்களை எதிரெதிரே நிறுத்தி, ஓய்வு கெடுதல் என்று எவரும் முடிவுகட்டினால் அதுவும் முதல் நம்பிக்கையைப் போன்றதொரு பிழையே.

இடைவேளைக்கு ஆதரவான சான்றும் பெங்களூரிலேயே உண்டு. அது மிக அழகானது என்பதால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2025 மார்ச் 11, கண்டீரவா: மும்பை சிட்டியிடம் பெங்களூரு 2-0 எனத் தோல்வி. பின் பன்னாட்டு ஆட்டங்களுக்கான இடைவேளை. மார்ச் 29, அதே கண்டீரவா, அதே மும்பை, பிளே-ஆஃப் ஆட்டம்: பெங்களூரு 5-0 வெற்றி. பதினெட்டு நாள் இடைவெளியில், இடமும் எதிரியும் மாறாமல், ஏழு கோல் வேறுபாடு. ஆய்வுக்கூடத்தில் அமைத்தாற்கூட இவ்வளவு நேர்த்தியாக அமையாது.

ஆனால் அந்த இடைவேளை மும்பைக்கும் கிடைத்தது. லீக் முழுவதும் நிற்கும்போது எல்லா அணிகளும் ஒரே நாளளவு ஓய்வு பெறுகின்றன. ஒருவருக்கு மட்டும் கிடைத்த மருந்தாக அதைக் கருத இடமில்லை. மார்ச் 11 அன்று மும்பைக்கு ஆறாம் இடத்தைப் பிடிக்கப் புள்ளி தேவைப்பட்டது. பெங்களூரு பிளே-ஆஃப் இடத்தை ஏற்கெனவே உறுதிசெய்திருந்தது. இரு ஆட்டங்களிலும் யார் எதற்காக ஓடினார்கள் என்பதே வேறு. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: 5-0 வெற்றியில் ஒரு கோல் அடித்த 40 வயது சேத்ரி அந்த இடைவேளையில் ஓய்வெடுக்கவே இல்லை. தேசிய அணிக்கு ஓய்வை முறித்துத் திரும்பி, ஷில்லாங்கில் மார்ச் 19 அன்று மாலத்தீவுக்கு எதிராக ஆடி கோலும் அடித்து, 25 அன்று வங்கதேசத்தையும் சந்தித்துவிட்டு வந்தவர் அவர். இடைவேளையில் ஆடியவரே இடைவேளைக்குப் பின்னும் அடித்தார்.

எல்லோருக்கும் ஒரே இடைவேளை என்ற நிலையை வரலாறு ஒருமுறை பெரிய அளவில் ஏற்படுத்திக் காட்டியது. கொரோனா காரணமாக 2020 மார்ச்சில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் நின்று ஜூன் 17-இல் தொடங்கியது. நிற்கும் முன் கடைசியாக ஆடிய ஆஸ்டன் வில்லா மார்ச் 9 அன்று லெஸ்டரிடம் 4-0 எனத் தோற்றிருந்தது. 28 ஆட்டங்களில் 56 கோல் வாங்கி, 25 புள்ளிகளோடு 19-ஆம் இடம். நூறு நாள் கழித்துத் திரும்பிய அதே அணி எஞ்சிய 10 ஆட்டங்களில் 11 கோல் மட்டுமே வாங்கி 10 புள்ளிகள் சேர்த்து ஒரே புள்ளியில் தப்பியது. பயிற்றுநர் டீன் ஸ்மித் அந்த நாட்களைத் தற்காப்பைச் சீரமைக்கச் செலவிட்டார் என்பது பரவலாகப் பேசப்பட்டது. கதை இங்கே முடிந்தால் இடைவேளையின் வெற்றி. ஆனால் அட்டவணையில் ஒரு படி கீழே, நார்விச் அணியும் அதே நூறு நாட்களைப் பெற்றிருந்தது. 21 புள்ளிகளோடு போன நார்விச், எஞ்சிய ஒன்பது ஆட்டங்களிலும் தோற்று 21 புள்ளிகளோடே முடித்தது. வில்லாவின் ஒரு புள்ளித் தப்பித்தலிலும் ஒரு வேடிக்கை உண்டு: ஜூன் 17 அன்று ஷெஃபீல்டு யுனைடெட் அடித்த பந்து வில்லாவின் கோல் கோட்டைத் தெளிவாகத் தாண்டியும், கோட்டைக் கண்காணிக்கும் கருவி அதை உணரத் தவறியது. ஆட்டம் 0-0. நூறு நாள் பயிற்சியைப் போலவே ஒரு கணக் கருவிக்கோளாறும் அந்த அணியைக் காப்பாற்றியது எனலாம்.

ஜெர்மனியின் ஷால்கே அணி நடுவழியில் நிற்கிறது. 2022 உலகக் கோப்பை இடைவேளைக்கு முன் 15 ஆட்டங்களில் 9 புள்ளிகள். பின் 19 ஆட்டங்களில் 22 புள்ளிகள். ஆட்டத்துக்கு 0.6 என்பது ஏறத்தாழ 1.16 ஆயிற்று. இரட்டிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். இருந்தும் 17-ஆம் இடத்தில் முடித்துத் தரமிறங்கியது. அக்டோபரில் பொறுப்பேற்ற தாமஸ் ரைஸுக்கு அந்த வாரங்கள் பயன்பட்டிருக்க வேண்டும். திரும்பி வந்தபின் முதல் இரு ஆட்டங்களில் 3-0, 6-1 எனத் தோற்று, அதன் பிறகு நான்கு ஆட்டங்களைத் தொடர்ச்சியாக 0-0 என முடித்தது அந்த அணி. பயிற்சி நாட்களில் எளிதில் கற்பிக்கக்கூடியது தற்காப்பு என்பதை வில்லாவும் ஷால்கேயும் ஒருசேர உணர்த்துகின்றன. கோல் அடிக்கும் உறுதியைக் கற்பிப்பது கடினம். பெங்களூரின் 2023 எழுச்சியோ 8 ஆட்டத்தில் 19 கோல் என்ற தாக்குதல் எழுச்சி. அது வேறு வகையைச் சேர்ந்தது.

உடல்நலத்தைப் பொறுத்தவரை ஐயம் குறைவு. ஸ்வீடனின் யான் எக்ஸ்ட்ராண்ட் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, குளிர்கால இடைவேளை இல்லாத ஐரோப்பிய அணிகள் காயங்களால் அதிக நாட்களை இழப்பதைக் காட்டியது. ஆகவே இடைவேளை வேண்டும் என்று கேட்கும் மருத்துவரின் வாதம் வலுவானது. சரிவிலிருந்து மீள இடைவேளை வேண்டும் என்று கேட்கும் நிர்வாகியின் வாதத்தை அதன் நிழலில் நுழையவிடுவதுதான் சிக்கல்.

இடைவேளை என்ற சொல்லே 2025-இல் பெங்களூரில் வேறு பொருள் கொண்டது. லீகின் நடத்துரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் 2025 ஜூலையில் அடுத்த பருவம் காலவரையின்றி நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் ஆட்டக்காரர்கள், பணியாளர்களின் ஊதியத்தை நிறுத்தியது. நான்கு மாதங்களுக்கு முன் லீகின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகானோடு கூடுதல் நேரம் வரை போராடிய அணி அது. ஆட்டக்காரருக்கு ஓய்வு என்பது ஊதியம் வரும்வரைதான் ஓய்வு; அதற்குப் பின் அதன் பெயர் வேலையின்மை. பயிற்சி மைதானம் திறந்திருக்கிறதா, உடற்பயிற்சியாளர் வருகிறாரா, அடுத்த ஆட்டம் எந்தத் தேதியில் என்று தெரியாத ஆறேழு மாதங்களை எந்த மீட்சிக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

2026 பிப்ரவரி 14-இல் லீக் தொடங்கியபோது அட்டவணை சுருக்கப்பட்டிருந்தது: 14 அணிகள், ஒருவரோடு ஒருவர் ஒரே ஒருமுறை, மொத்தம் 91 ஆட்டங்கள், அணிக்கு 13. அந்த அளவுகோலை 2022-க்குப் பொருத்திப் பார்த்தால், டிசம்பர் 30 இரவு சால்ட் லேக்கிலிருந்து பத்துப் புள்ளிகளோடு வெளியேறிய பெங்களூருக்கு எஞ்சியிருந்திருக்கக்கூடியது குவாஹாட்டி ஆட்டம் ஒன்று மட்டுமே.